கபடிக் குறும்படம் எடுக்க ஒரு அமெரிக்கத் தொடரைப் பிரித்துப் படிப்பது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரி புதியவர்களுக்கு

பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை, போச்சம்பள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் கபடியை வைத்து ஒரு குறும்படம் எடுத்துவிட வேண்டும் என்று துடிக்கும் நாலு பேர் இருப்பார்கள். கையில் ஃபோன் இருக்கிறது, ஊரில் டீம் இருக்கிறது, பொங்கலுக்குப் போட்டியும் நடக்கிறது. எடுத்து முடித்துப் பார்த்தால் பெரும்பாலும் மிஞ்சுவது போட்டியின் வீடியோதான், படம் அல்ல. யார் ரெய்டு போனார், யார் பிடித்தார் என்பது தெரிகிறது. அந்த ஒரு புள்ளி யாருக்கு, ஏன் உயிர்ப் பிரச்சினை என்பது தெரிவதில்லை.

தரமணி திரைப்படக் கல்லூரி வரை போக முடியாதவர்கள் இந்த இடைவெளியை வீட்டிலிருந்தே அடைக்கலாம். நன்றாக எடுக்கப்பட்ட ஒரு விளையாட்டுத் தொடரை ஷாட் ஷாட்டாகப் பிரித்து, அதில் பிடிபட்டதை நம் ஊர்க் கபடிக்கு மாற்றி எடுத்துப் பார்ப்பதுதான் வழி. நோட்டு வேலை முதல் ஷூட்டிங் வரை ஏறக்குறைய பத்து வாரம் ஒதுக்குங்கள். பொங்கல் போட்டிச் சமயத்தில் ஷூட்டிங் என்றால் நவம்பர் தொடக்கத்திலேயே நோட்டைத் திறந்துவிட வேண்டும்.

1. தொடரையும் எபிசோடையும் சரியாகப் பிடியுங்கள்

நான் சொல்வது ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’. 2006 அக்டோபரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, 2011 வரை ஐந்து சீசன், மொத்தம் 76 எபிசோட் ஓடிய தொடர். டெக்சாஸில் டில்லன் என்ற கற்பனைச் சிற்றூர், அங்கே ஒரு பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணி, அதன் கோச், அவர் குடும்பம். இதே பெயரில் 2004-ல் ஒரு சினிமாவும் வந்திருக்கிறது. தேடும்போது அதுதான் முதலில் வந்து நிற்கும், ஏமாந்துவிடாதீர்கள். எந்த ஓடிடியில் இப்போது இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருப்பதால், ஜஸ்ட்வாட்ச் தளத்தில் இந்தியா என்று வைத்துத் தேடிப் பார்த்துவிட்டுச் சந்தா கட்டுங்கள். ஒரு மாதச் சந்தா போதும், வருடச் சந்தா தேவையில்லை.

76 எபிசோடையும் பார்க்கக் கிளம்பினால் நோட்டு காலியாகவே இருக்கும். முதல் சீசனின் முதல் எபிசோட் ஒன்றே போதும். ஏறக்குறைய 43 நிமிடம். எச்.டி.யில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை போகும் என்பதால், தினமும் 2 ஜி.பி. வரும் ரீசார்ஜில் ஒரு தடவை பார்ப்பதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். வைஃபை கிடைக்கும் இடத்தில் ஆப்புக்குள்ளேயே டவுன்லோட் செய்துவைத்து, அதைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். ஸ்க்ரீன் ரெக்கார்டிங் முயற்சி வேண்டாம். பெரும்பாலான ஓடிடிகளில் படம் கறுப்பாகத்தான் பதிவாகும். காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொந்தப் படிப்புக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் இடம் தருகிறது. அதற்காகக் காட்சிகளை வெட்டி உங்கள் சானலில் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை.

2. ஆட்டத்தின் விதியைப் படிக்காமல் ஒரு தடவை பாருங்கள்

நமக்குக் கிரிக்கெட், கபடி, வாலிபால் எல்லாம் தெரியும். அமெரிக்க ஃபுட்பால் அறவே தெரியாது. இதைக் குறையாக நினைக்க வேண்டாம், இந்தத் தொடரை நான் பரிந்துரைப்பதே இதற்காகத்தான். தெரிந்த ஆட்டத்தைத் திரையில் பார்க்கும்போது பாதி வேலையை நம் தலைக்குள் இருக்கும் விதிகளே செய்துவிடும். இயக்குநர் என்ன செய்தார் என்பது கண்ணில் படாது. தெரியாத ஆட்டத்தில் உங்களுக்குப் பதற்றம் வந்தால், அது முழுக்கக் கேமராவும் ஒலியும் எடிட்டும் கொண்டுவந்த பதற்றம்.

ஆகவே முதல் தடவை சப்டைட்டிலோடு பாருங்கள், விதிகளைத் தேடாதீர்கள். ஆட்டக் காட்சியில் ‘இப்போது ஏதோ தப்பாகிவிட்டது’, ‘இவன் ஜெயிக்கப் போகிறான்’ என்று தோன்றும் ஒவ்வொரு இடத்திலும் நேரத்தை மட்டும் குறியுங்கள். 31:40 என்று எழுதினால் போதும், காரணம் எழுத வேண்டாம். இரண்டாம் தடவை பார்ப்பதற்கு முன் விதியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். அணிக்கு 11 பேர். பந்தை 10 கஜம் முன்னே கொண்டுபோக நான்கு வாய்ப்பு, கொண்டுபோய்விட்டால் மீண்டும் நான்கு. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். இதற்கு மேல் தெரிந்துகொள்வது இந்த வேலைக்கு உதவாது.

3. ஷாட் நோட்டு போடுங்கள்

முதல் எபிசோடில் அணியின் நட்சத்திரக் குவார்ட்டர்பேக், எதிரணி வீரர் ஒருவரைத் தடுக்கப் பாய்ந்து, முதுகுத்தண்டில் அடிபட்டு விழுகிறார். பெஞ்சில் இருந்த மாற்று வீரன் களத்துக்கு இறங்க வேண்டியதாகிறது. அடி விழுவதற்குச் சற்று முன்பிருந்து மாற்று வீரன் இறங்குவது வரையான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து நிமிடம்தான் இருக்கும். அதை முழுதாகப் பிரிக்க ஆறேழு மணி நேரம் பிடிக்கும். ஒரே மூச்சில் செய்தால் கடைசிப் பக்கங்களில் அலட்சியம் வந்துவிடும், நாளுக்கு ஒரு மணி நேரமாகச் செய்யுங்கள்.

நீள நோட்டைக் குறுக்கே திருப்பி ஏழு பத்தி போடுங்கள்: ஷாட் எண், எத்தனை வினாடி, அளவு (வைட், மிட், க்ளோசப், ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டும் சஜஷன்), ஃப்ரேமில் யார், அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் அல்லது ஓடுகிறார், என்ன கேட்கிறது, ஏன் இங்கே வெட்டினார்கள். மாதிரிக்கு ஒரு வரி இப்படி இருக்கலாம்: ‘14, இரண்டரை வினாடி, க்ளோசப், பெஞ்சில் இருப்பவர், வலப்பக்கம், கூட்டச் சத்தம் இறங்குகிறது, அடுத்து தான்தான் என்று அவருக்குப் புரிகிறது.’

முதல் ஐந்து பத்தியும் வெறும் குமாஸ்தா வேலை. சரக்கு ஏழாவது பத்தியில் இருக்கிறது. அங்கே ‘நன்றாக இருக்கிறது’, ‘வேகம் கூட்ட’ என்றெல்லாம் எழுதினால் அந்த வரியே வீண். வெட்டுக்கு முன் பார்வையாளருக்குத் தெரியாத ஏதோ ஒன்று வெட்டுக்குப் பின் தெரிந்திருக்கும், இல்லையென்றால் ஒரு கேள்வி கூடியிருக்கும். அதை எழுதுங்கள். எதுவும் தோன்றாவிட்டால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். பத்து ஷாட் தள்ளி விடை கிடைப்பது உண்டு.

எழுதி முடித்ததும் இரண்டு கணக்கு. பகுதியின் மொத்த வினாடியை ஷாட் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி ஷாட் நீளம் வரும். 240 வினாடியில் 80 ஷாட் என்றால் 3 வினாடி. அடி விழுவதற்கு முன், விழுந்த பின் என்று இதைத் தனித்தனியாகப் போட்டால்தான் தாளம் எங்கே மாறுகிறது என்று தெரியும். இரண்டாவது கணக்குதான் எனக்கு முக்கியம்: பந்து தெரியும் ஷாட் எத்தனை, முகம் தெரியும் ஷாட் எத்தனை? கோச், கோச்சின் மனைவி, பெற்றோர், பெஞ்ச் என்று பிரித்து எண்ணுங்கள். நம் ஊர்க் குறும்படம் ஒன்றுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பக்கத்தில் எழுதினால், எங்கே பிசகுகிறோம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஒரு பொறி. இந்தத் தொடரில் கேமரா ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஃபோனை வேண்டுமென்றே ஆட்டுபவர்கள் அதிகம். தொடரை எடுத்தவர்கள் மூன்று கேமராக்களைக் கையிலும் தோளிலும் தாங்கி ஒரே சமயத்தில் ஓடவிட்டு, ஒத்திகை இல்லாமல், நடிகர்களுக்குத் தரையில் குறி போடாமல் எடுத்தார்கள். நடிகர் எங்கே நகர்வார் என்று கேமராமேனுக்கு முன்கூட்டித் தெரியாது, தேடிப் பிடிக்கிறார். அந்தத் தேடல்தான் கேமரா ஆடுவதாகத் தெரிகிறது. தேட ஒன்றுமில்லாத இடத்தில் கையை ஆட்டினால் பார்ப்பவருக்குத் தலைசுற்றல்தான் மிச்சம். அதோடு அவர்கள் பயன்படுத்தியது சூப்பர் 16 என்ற ஃபிலிம் சுருள், ஃபோன் அல்ல. ஃபோன் சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் வேகமாக ஆட்டும்போது கம்பங்கள் சாய்ந்து நெளியும். எடிட்டில் அதைச் சரிசெய்ய வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஒலியைத் தனியாகப் படியுங்கள்

அதே பகுதியைத் திரையை மூடிவைத்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். பிறகு ஒலியை அணைத்துப் பாருங்கள். உள்ளூர் ரேடியோ வர்ணனையாளர்களின் குரல் தொடர் முழுக்க ஓடும். ஸ்கோர், மீதி நேரம், ஊர் என்ன பேசுகிறது என்று வசனத்தில் திணிக்க வேண்டிய செய்தியெல்லாம் அந்தக் குரல் வழியாக வந்துவிடும். நம் ஊரில் இந்த வேலைக்கென்றே ஒருவர் மைக்கோடு உட்கார்ந்திருக்கிறார். போட்டியில் மைக் பிடிக்கும் அண்ணனை முறையாகக் கேட்டு, அமைதியான அறையில் தனியாகப் பேசவைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். மைதானத்தில் புனல் ஸ்பீக்கரில் வருவதை அப்படியே எடுத்தால் எதிரொலிதான் கிடைக்கும்.

5. படித்ததைக் கபடிக்கு மாற்றுங்கள்

கபடியில் ஒரு ரெய்டு 30 வினாடி. ஆண்கள் கோர்ட் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதற்கு ஒரு மீட்டர் அப்பால் போனஸ் லைன். இந்த எண்கள் கேமரா வைக்க நேரடியாக உதவும்.

குறும்படத்துக்கு ஒரே ஒரு ரெய்டு போதும். முழு ஆட்டத்தையும் காட்ட ஆசைப்படாதீர்கள். புள்ளி இல்லாத இரண்டு ரெய்டுக்குப் பின் வரும் மூன்றாவது ரெய்டு இதற்கென்றே அமைந்தது: புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட். விதி தெரியாதவருக்கும் மைக்கில் ஒரு வரி சொன்னால் புரிந்துவிடும்.

அந்த ரெய்டை யார் பார்க்கிறார்கள் என்பதை ரெய்டுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். மூன்று பேர் போதும், ஆளுக்கு ஒரு காரணம் வேண்டும். ரெய்டர் அடிபட்டால் தனக்கு இடம் கிடைக்கும் என்று உட்கார்ந்திருக்கும் மாற்று வீரன். நாளைக் காலை ஷிப்டுக்கு மகன் போவானா என்ற கவலையில் இருக்கும் அம்மா. போன வருடம் இதே அணியில் ஆடி முழங்கால் போனவர். இவர்களின் முகங்களைப் போட்டி நாளில் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வேறொரு நாளில், அதே நேர வெளிச்சத்தில், பின்னால் பத்துப் பேரை நிறுத்தி எடுத்துக்கொள்ளலாம். செலவு குறைவதும் இங்கேதான், படம் நிற்பதும் இங்கேதான்.

லைன் கிராஸ், அதாவது கேமரா ஆட்டத்தின் மறுபக்கம் போய்த் திசை தலைகீழாகத் தெரிவது, கபடியில் எளிதாக நடந்துவிடும். ஒரு பக்கக் கோட்டை உங்கள் பக்கமாக வைத்துக்கொண்டால் ஒரு அணி எப்போதும் இடம், மற்றது வலம். எதிர்ப் பக்கக் கோட்டுக்குப் போய் ஒரு ஷாட் எடுத்தாலும், ரெய்டர் தன் கோர்ட்டை நோக்கி ஓடுவதுபோல் தெரியும். பக்கம் மாறியே ஆக வேண்டுமானால் இடையில் கடைக்கோட்டுக்குப் பின்னாலிருந்து, ரெய்டர் நேராகக் கேமராவை நோக்கி வரும் ஷாட் ஒன்றைப் போடுங்கள். அதற்குப் பிறகு மாறினால் கண் ஏற்றுக்கொள்ளும்.

வைட் ஷாட்டுக்கு ஃபோனின் மெயின் லென்ஸில் 13 மீட்டர் நீளமும் ஃப்ரேமுக்குள் வர, பக்கக் கோட்டிலிருந்து 10, 11 மீட்டர் பின்னால் போக வேண்டும். ஊர்ப் போட்டியில் ஜனங்கள் கோட்டை ஒட்டி நிற்பார்கள், பின்னால் போனால் தலைகள்தான் தெரியும். டிராக்டர் டிப்பர் மேல் நின்று எடுப்பது எளிய வழி. முந்தின நாளே டிப்பரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள். கூட்டம் கூடிய பிறகு உள்ளே வராது. அல்ட்ரா வைட் லென்ஸுக்கு மாறினால் கோர்ட்டின் கோடுகள் வளையும், இரவில் படமும் பொரிப்பொரியாக வரும்.

6. காகிதங்கள்

கையெழுத்து வாங்கும் வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளினால் முதலுக்கே மோசம். எல்லாக் கடிதத்திலும் ஒரே விவரம் இருக்கட்டும்: என்ன படம், எத்தனை நிமிடம், வணிக நோக்கம் உண்டா, எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், என்ன கருவி, பொறுப்பாளர் ஃபோன் எண். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ‘வாயால சொல்லிட்டாருங்க’ என்பது ஷூட்டிங் அன்று செல்லாது.

ஊர்ப் பொது மைதானம் என்றால் ஊராட்சி அலுவலகம். மாவட்ட விளையாட்டு அரங்கம் என்றால் மாவட்ட விளையாட்டு அலுவலர். அரசுப் பள்ளி மைதானத்துக்குத் தலைமை ஆசிரியர் சரி என்றாலும், முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. பொதுத்தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரலில் பள்ளியைக் கேட்கவே வேண்டாம். எந்த இடமானாலும் அந்த எல்லைக் காவல் நிலையத்துக்குத் தகவல் கடிதம் ஒன்று. இரவு ஷூட்டிங் என்றால் இது கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னணிக்கு மலையும் காடும் வேண்டும் என்று காப்புக் காட்டுக்குள் நுழைவதாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். கோர்ட்டுக்குப் பின்னால் வெறும் வானம் இருந்தாலே போதும்.

18 வயதுக்குக் கீழே யார் நடித்தாலும் பெற்றோர் கையெழுத்து வேண்டும். 14 வயதுக்குட்பட்ட குழந்தை வணிகப் படத்தில் நடித்தால் கதையே வேறு: குழந்தைத் தொழிலாளர் சட்ட விதிகளின்படி மாவட்ட ஆட்சியரிடம் முன் அனுமதி, நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. யூடியூபில் விளம்பர வருமானம் எதிர்பார்க்கிறீர்கள் என்றால் ‘சும்மா குறும்படம்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்.

போட்டி நடத்தும் மன்றத்திடம் தனி ஒப்புதல் வாங்கும்போதே பேனர் விஷயத்தையும் பேசிவிடுங்கள். கோர்ட்டைச் சுற்றித் தலைவர்கள் படம், கட்சிக் கொடி, சங்கக் கொடி எல்லாம் இருக்கும். அவற்றைக் கழற்றச் சொல்லாதீர்கள், வம்பு வரும். எந்தப் பக்கம் பேனர் குறைவோ அந்தப் பக்கத்தை உங்கள் பின்னணியாக வைத்து, மீதியை க்ளோசப்பில் தள்ளிவிடுங்கள்.

7. ஆள், நாள், நேரம்

இந்த இரண்டு மாவட்டத்திலும் ஆடுபவர்களில் பலர் ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டில் இருப்பவர்கள். ஏழு பேரின் ஷிப்டு அட்டவணையையும் ஒரே தாளில் எழுதாமல் தேதி குறிக்காதீர்கள். இரவு ஷிப்டு முடித்து வந்தவரைக் காலை ஏழு மணிக்கு ரெய்டு போகச் சொன்னால் அவருக்கும் ஆபத்து, பிடிப்பவருக்கும் ஆபத்து. கிருஷ்ணகிரிப் பக்கம் மே முதல் ஜூலை வரை மாங்காய் சீசன், மண்டியிலும் கூழ்த் தொழிற்சாலையிலும் வேலை இருக்கும்போது ஆள் சேராது. ஆடியில் காற்று மைக்கை நிரப்பிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மிச்சம் ஜனவரி, பிப்ரவரி.

போட்டி இரவை உங்கள் ஷூட்டிங் இரவாக நினைக்காதீர்கள். அன்று கூட்டம், விளக்கு, மைக், நடுவர் விசில் ஆகியவற்றை மட்டும் அள்ளிக்கொள்ளுங்கள். கதையின் ரெய்டை வேறு இரண்டு மாலைகளில், உங்கள் ஆட்களை வைத்து, மூன்று நான்கு தடவை ஆடவைத்து எடுங்கள்.

மண் கோர்ட்டில் கண்டின்யூட்டி (ஷாட்டுக்கு ஷாட் பொருத்தம்) கெடுவது தண்ணீரால். ஆட்டத்துக்கு முன் தூசி அடங்கத் தெளிப்பார்கள். தெளித்ததும் செம்மண் கருஞ்சிவப்பாக இருக்கும், ஒன்றரை மணி நேரத்தில் வெளுத்துவிடும். 6 மணி ஷாட்டையும் 8 மணி ஷாட்டையும் ஒட்டினால் இரண்டு வேறு மைதானம்போல் தெரியும். ஒவ்வொரு செட்டப்புக்கு முன்னும் லேசாகத் தெளியுங்கள், வழுக்கும் அளவுக்கு வேண்டாம். ரெய்டரின் எந்த முழங்காலில் மண், ஜெர்சியில் எந்தப் பக்கம் கறை என்பதை டேக் முடிந்ததும் ஃபோனில் போட்டோ எடுத்துவையுங்கள். ஸ்கோர் போர்டையும் சேர்த்து.

8. ஃபோன் செட்டிங்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஃபோன் பெரும்பாலும் வினாடிக்கு 30 ஃப்ரேமில் கிடக்கும். அப்படியே எடுத்தால் ஃப்ளட் லைட்டின் கீழே படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃப்ரேம், ஷட்டர் (ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் விழும் நேரம்) 1/50 வினாடி என்று பூட்டுங்கள். ஸ்லோமோஷன் வேண்டுமானால் 100 ஃப்ரேம், 1/100. அதற்குப் போதிய வெளிச்சம் இரவில் கிடைப்பது அபூர்வம், மாலை வெயிலிலேயே எடுத்துவிடுங்கள். பல ஃபோன்களின் சொந்தக் கேமராவில் இவையெல்லாம் இருக்காது. ப்ளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம்; அது ஓடாத ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் ஓப்பன் கேமரா. ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (வண்ணச் சமநிலை), ஃபோகஸ் மூன்றையும் பூட்டாவிட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் வெளிச்சமும் நிறமும் கூர்மையும் மாறும்.

ஜெனரேட்டரில் ஓடும் விளக்குக்கு இந்தக் கணக்கு சில சமயம் பலிக்காது, அதன் அலைவரிசை 50-லிருந்து நகர்ந்துகொண்டே இருக்கும். விளக்கு போட்டவுடன் 1/50, 1/100 இரண்டிலும் பத்து பத்து வினாடி எடுத்து, பெரிய திரையில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்று ஃபோனில் எடுப்பதாக இருந்தால் மூன்றும் 25-ல் இருக்கட்டும். ஒவ்வொரு டேக் தொடக்கத்திலும் மூன்று ஃபோனும் பார்க்கும் இடத்தில் ஒரு கைத்தட்டு. ஒன்று டிப்பர் மேல் வைட், ஒன்று ரெய்டர் முகம், மூன்றாவது கோர்ட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சைப் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது ஆள்தான் சும்மா இருக்க முடியாமல் ஆட்டத்தின் பக்கம் திரும்பிவிடுவார். பொறுமைசாலியைப் போடுங்கள். 1080-ல் நிமிடத்துக்குச் சுமார் 130 எம்.பி. வரும், மூன்று ஃபோன், ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 45 ஜி.பி. தாண்டும்.

9. செலவு

கடைக்குக் கடை மாறும் விலைகள் இவை, ஒரு மட்டத்துக்குச் சொல்கிறேன். வயர்லெஸ் காலர் மைக் 1,500 முதல் 3,000 ரூபாய். காற்றுக்குப் பஞ்சுறை 100, 200-க்குள். ஹார்ட் டிஸ்க் இல்லாவிட்டால் 128 ஜி.பி. கார்டு இரண்டு. பெயர் அச்சிட்ட ஜெர்சி ஒன்றுக்கு 250, 300 என்று வைத்தால் 14-க்கு 3,500 முதல் 4,200 வரை ஆகும். இரண்டு அணியிடம் பழைய செட்டை இரவல் கேட்டால் அது மிச்சம். மிச்சமாகாதது சாப்பாடு. இருபது பேருக்கு இரண்டு மாலை டிபன், டீ, தண்ணீர் கேன், பெட்ரோல் என்று போட்டால் கேமராச் செலவைத் தாண்டிவிடும். ஆடுபவர்களுக்குப் பேட்டா கொடுக்க முடியாவிட்டாலும் ஒரு முதலுதவிப் பெட்டியும் ஐஸும் வாங்கிவையுங்கள். எடிட் தெரிந்த நண்பர் இருந்தால் 15,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். லைட்டை வாடகைக்கு எடுத்தால் அந்தக் கணக்கு உடைந்துவிடும், ஆகவே மாலை வெளிச்சத்துக்கு எழுதுங்கள்.

10. எடிட்

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி வாங்கிய ஃபைலில் படத்தின் உயிர் போயிருக்கும். ஃபோனில் நேராகச் செருகும் ஓ.டி.ஜி. பென்டிரைவில் வாங்குங்கள், இல்லையென்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். பல ஃபோன்கள் ஃப்ரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்யும். டைம்லைனில் போட்டதும் உதடும் குரலும் விலகுவது இதனால்தான். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 25, கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் (மாறாத ஃப்ரேம் வேகம்) என்று வைத்து மாற்றிய பிறகே எடிட்டுக்குக் கொண்டுபோங்கள். எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். 8 ஜி.பி. ரேம் லேப்டாப்பில் திணறும், ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் பயன்படும் சிறிய நகல் ஃபைல்) போட்டுக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டு, சினிமாப் பின்னணி இசை வேண்டாம். யூடியூபில் உரிமைக் கோரிக்கை வரும், விழாவுக்கு அனுப்பினால் இசை உரிமைக் கடிதம் கேட்பார்கள்.

ரஃப் கட் (ஷாட்களை முதல் முறை கோத்த வடிவம்) முடிந்ததும் அதே ஏழு பத்தி நோட்டை எடுத்து, உங்கள் படத்தை ஷாட் ஷாட்டாக அதில் எழுதுங்கள். ஏழாவது பத்தியில் கேள்விக்குறி விழும் ஷாட்டைத் தூக்கிவிடுங்கள். பிறகு கபடி தெரியாத ஒருவரிடம் காட்டி, பதற்றம் வந்த இடத்தில் கை தூக்கச் சொல்லி நேரத்தைக் குறியுங்கள். ரெய்டர் நடுக்கோட்டைத் தாண்டும் இடத்தில் கை தூக்காவிட்டால் பெரும்பாலும் குறைவது ஒரு முகம்தான். அதை இன்னொரு மாலை, அதே ஜெர்சியோடு, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். அதனால் இரவல் ஜெர்சியைத் துவைத்துத் திருப்பிக் கொடுப்பதை ரஃப் கட் பார்த்து முடிக்கும்வரை தள்ளிப் போடுங்கள். எத்தனை நாள் ஆகும் என்பதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.